கிரகணம் பார்த்த படம்

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் நன்றாக வாழ்ந்ததில்லை என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மாடு திருடியவன், வரப்பை நகர்த்தியவன், கை நீட்டி வாங்கிவிட்டு இல்லை என்றவன், எல்லாரையும் அங்கேதான் இழுத்துக்கொண்டு போவார்கள். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு சந்நிதியில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு முடிந்தது. முக்கால்வாசிப் பேர் குளத்துப் படியிலேயே உண்மையைக் கக்கிவிடுவார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சந்திரம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனதுதான் இன்றைக்கும் மனசுக்கு ஆறவில்லை.

சந்திரம்மாவின் புருஷன் நாகபூஷணம். அவன் அப்பன் காலம்வரை அடுத்தவர் கரும்பை வெட்டிக் கூலி வாங்கிய குடும்பம். சந்திரம்மா குவைத்துக்குப் போய், படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்து அனுப்பியதில்தான் ஏரிக்குக் கீழே ஒரு துண்டு நிலமும் அதில் ஒரு போர்க்கிணறும் வந்தன. மகள் யமுனா சித்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பெண் குவைத்தில் இருந்தாள். ஆம்பிளைகளெல்லாம் களி கிண்டக் கற்றுக்கொண்டார்கள்.

மூன்று வருஷம் கழித்து அவள் திரும்பியபோது கழுத்தில் ஒரு சங்கிலி கிடந்தது. கிழவி செத்த அன்றைக்கு அவள் மகள் தன் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டது என்றாள் சந்திரம்மா. ஊர் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டது. சும்மா யாராவது சங்கிலி போடுவார்களா என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு ஆரம்பித்து, வெல்லம் காய்ச்சுகிற ஆலைக்கொட்டாய் வரைக்கும் வந்துவிட்டது.

"ஊரு வாய யாரு அடைக்கறது? பிள்ளையாருகிட்ட ஒரு பிரமாணம் பண்ணிட்டு வந்துட்டா எவ வாயத் தொறப்பா? தப்பு இல்லன்னா இன்னா பயம்?" என்றாள் மாமியார் சுந்தரம்மா.

சந்திரம்மா புருஷனைப் பார்த்தாள்.

"ஒரு முழுக்குதானே" என்றான் நாகபூஷணம்.

ஐப்பசி மாதத்து அடைமழையில் அவள் குளத்தில் இறங்கினாள். அவன் கரையில் மாற்றுப்புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேடிக்கை பார்க்க நாலு பேர் குடையோடு வந்திருந்தார்கள். அவள் முழுகி எழுந்து, நடுங்கிக்கொண்டே சந்நிதிக்குப் போய், தான் தவறி நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் சங்கிலியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள்.

தை பிறந்ததும் கரும்பு வெட்டு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து ஆலைக்கொட்டாயில் விடிகாலை என்பது பனியும் புகையும்தான். கொப்பரையில் சாறு கொதித்துக்கொண்டிருக்கும். நாகபூஷணம் நீளக் கரண்டியால் அழுக்கு நுரையை வழித்து வழித்து ஓரத்தில் தள்ளுவான். சந்திரம்மா காய்ந்த கரும்புச் சக்கையைக் கட்டிக்கட்டி, இடது இடுப்பில் இடுக்கிவந்து அடுப்பு வாயில் போடுவாள். அன்றைக்கு ஒரு கட்டைப் போட்டுவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா?" என்றான்.

"ஒண்ணுல்ல. சக்க குத்திக்கிச்சு."

"நாலு நாளா அந்தப் பக்கத்தயே புடிச்சிக்கினு கீற. இன்னான்னு சொல்லு."

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு அவன் கையை எடுத்து, மார்புக்குக் கீழே, விலாப்பக்கம் வைத்தாள். ரவிக்கைக்கு உள்ளே எலுமிச்சங்காய் அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. அழுத்தினான். நகரவில்லை. எலும்போடு எலும்பாகக் கெட்டியாக இருந்தது.

"எப்பலேந்து இது?"

"வலி குவைத்துலயே இருந்தது. அந்தக் கெழவியத் தூக்கி ஒக்கார வக்கிறப்ப இங்க இழுக்கும். சுளுக்குன்னு வுட்டுட்டேன். கையில தட்டுப்பட்டது தீவாளிக்கு அப்பறந்தான்."

"தீவாளிக்கு அப்பறம்னா..."

தீபாவளிக்கு முந்தின வாரம்தான் அவள் குளத்தில் முழுகினாள். இரண்டு பேருக்கும் அது ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.

"நீ இன்னா நெனைக்கறன்னு தெரியுது" என்றாள் அவள்.

"நான் ஒண்ணும் நெனைக்கல."

"பாகப் பாரு. தீயுது."

அன்றைக்கு வார்த்த வெல்லம் கறுத்துப்போயிற்று.

சுந்தரம்மா விஷயம் தெரிந்ததும் கூச்சல் போடவில்லை. அவளைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். சாமிக்கு ரொம்பப் பயந்தவள். விளக்கு வைத்து, கற்பூரம் ஏற்றி, மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து நயமாகத்தான் பேசினாள்.

"ஒத்துக்கினா போதும்மே. சாமிக்கு எரக்கம் உண்டு. வாயத் தொறந்து ஒத்துக்கினவங்கள அது ஒண்ணும் பண்ணாது. கட்டி கரஞ்சு பூடும்."

"இன்னாத்த ஒத்துக்கறது அத்த?"

"எனக்கு இன்னா தெரியும்? உனக்குத்தான் தெரியும்."

"செய்யாதத செஞ்சேன்னு சொன்னா அதுதான் பொய்யி. அதுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டி வருமே, அத இன்னா பண்றது?"

சுந்தரம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நாகபூஷணம் களியைத் துவையலில் தொட்டபடி குனிந்த தலை நிமிரவில்லை. கரும்பு வெட்டு முடியட்டும், அமாவாசை போகட்டும் என்று அவன் நாளைக் கடத்தினான். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே என்ன சொல்வார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அது உண்மையாகவே சாமி கொடுத்த கட்டியாக இருந்துவிட்டால் என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவது பயத்தைத்தான் அவனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

"நீ வர்லன்னா நான் தனியாப் போறேன். தனியா ஏரோப்ளேன் ஏறிப் போனவதான் நானு" என்று ஒருநாள் சந்திரம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபிறகுதான் அவன் சட்டையை மாட்டினான்.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி. வாசலில் மொட்டைத்தலைகளும் லட்டுப் பைகளுமாக மலையிலிருந்து நேரே வந்தவர்கள் பாதிப்பேர். எக்ஸ்ரே எடுக்கிற அறையில் லீனா என்ற நர்ஸ், கழுத்தில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொன்னாள்.

"தாலிகூடயா? குவைத்துக்குப் போறப்ப மெட்ராசுல படம் எடுத்தாங்க. அப்ப கழட்டலயே. இப்பிடி இடது பக்கமா அக்குள்ள ஒதுக்கிக்கினு நின்னேன். எடுத்துட்டாங்களே" என்றாள் சந்திரம்மா.

"அங்க வுட்டுட்டாங்க போலகீது. பொட்டுத்தாலி குறுக்க வந்தா எலும்ப மறைச்சுடும்மா. வூட்டுக்காரர் கையில குடுங்க, அஞ்சே நிமிசம்."

நாகபூஷணம் தாலியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டே நின்றான்.

எக்ஸ்ரே, அப்புறம் ஸ்கேன், அப்புறம் ஊசி குத்தித் துளி எடுத்துப் பார்த்தது எல்லாம் ஆனபிறகு டாக்டர் சாம்ராஜ் கூப்பிட்டார். நெஞ்சு ஆபரேஷன் செய்கிறவர். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்து வளர்ந்தவர். நோயாளி நம் பக்கத்து ஆள் என்று தெரிந்தால் தெலுங்கை விட்டுவிட்டு நம் பேச்சுக்கு வந்துவிடுவார்.

"வெலா எலும்புல குருத்து மாதிரி ஒண்ணு மொளச்சு வளந்துகினு கீது. பாத்தா நல்ல ஜாதின்னுதான் தோணுது. ஆனா இதுல நல்லதும் கெட்டதும் கூடப் பொறந்ததுங்க மாதிரி ஒரே மூஞ்சியா இருக்கும். ஊசியில வந்த துளிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. மொத்தமா எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். நல்லதா இருந்தாலும் எடுத்துடறதுதான் நல்லது."

"மொத்தமான்னா?" என்றாள் சந்திரம்மா.

"கட்டியோட, ரெண்டு பக்கமும் நல்ல எலும்பு கொஞ்சம் சேத்து. அதுமேல ஒட்டிக்கினு இருக்கற சதையும்."

"ஒரு எலும்பு போச்சுன்னா மூச்சு?"

"பக்கத்து எலும்புங்க பாத்துக்கும். ரெண்டு மூணு போனாத்தான் வலை வச்சுத் தைக்கற வேல. உனக்கு அது வேணாம்."

நாகபூஷணம் நாற்காலி நுனிக்கு வந்தான். "கெட்டது இல்லன்னு சத்தியமா சொல்லுங்க சார்."

"சத்தியமெல்லாம் உங்க காணிப்பாக்கத்துல வச்சுக்கோ. நான் பாக்காதத சொல்லமாட்டேன்" என்றார் சாம்ராஜ். பிறகு ஏதோ யோசித்து, "குவைத்துக்குப் போறப்ப படம் எடுத்தாங்கன்னு நர்ஸ் சொன்னாங்களே, அது இருக்குதா? இருந்தா எடுத்துகினு வா. எவ்ளோ வேகமா வளந்துகீதுன்னு பாக்கலாம். மெதுவா வளந்திருந்தா பயம் கொறவு" என்றார்.

படம் இருந்தது. வீட்டுப் பரணில், சுருட்டிய பாய்க்குள். அதைக் கையில் எடுத்ததும் நாகபூஷணத்துக்கு அந்தச் சூரிய கிரகணம் ஞாபகம் வந்தது. சந்திரம்மா குவைத்தில் இருந்தபோது, தீபாவளியை ஒட்டி வந்த கிரகணம். வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது, எக்ஸ்ரே படம் வழியாகப் பார்க்கலாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தெருவில் எக்ஸ்ரே படம் இருந்த வீடு இவன் வீடுதான். காலையில் இவன் வாசலில் வரிசை நின்றது. பெண்டாட்டியின் விலா எலும்புகளைத் தூக்கிப் பிடித்து, அதன் நடுவில் தேய்ந்துபோகும் சூரியனை இவன் பார்த்தான், ஊரே பார்த்தது. எல்லாருடைய கண்ணும் சூரியன்மேல்.

சாம்ராஜ் படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார். இடது விலாமேல் இரண்டு வெள்ளை வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

"இது உன் தாலிப் பொட்டு. இங்க பாரு, அதுக்கு அடியில பாதி மறைஞ்சுகினு."

புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு விலா எலும்பிலிருந்து எட்டிப் பார்த்தது.

"அப்பவே கீது. தாலியோட நெழலுன்னு வுட்டுட்டாங்க. நாலு வருசத்துல இவ்ளோதான் வளந்துகீது. நல்லதுக்குத்தான்" என்றார் அவர்.

வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சந்திரம்மாதான் ஆரம்பித்தாள்.

"பாத்தியா யமுனா நைனா?"

"பாத்தேன். நீ குவைத்து போறதுக்கு முந்தியே இருந்துகீது."

"அப்ப பிரமாணத்தால வர்ல."

"வர்ல."

"படம் சொல்லிச்சு, நம்பிட்ட. பரண்ல அத எலி துன்னுட்டிருந்தா?"

அவன் செருப்பால் மண்ணைக் கிளறினான்.

"நாளைக்கு எடுத்துப் பாத்துட்டு கெட்டதுன்னு சொல்லிட்டாங்கன்னு வை. அப்ப நான் பொய் சத்தியம் பண்ணவளா?"

"ஏன் அப்பிடிப் பேசற?"

"உங்கம்மா அப்பிடித்தான் பேசும். ஊரும் பேசும். நீ இன்னா பேசுவன்னுதான் கேக்கறேன்."

"டீ வாங்கியாரட்டா?" என்றான் நாகபூஷணம்.

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைவிட அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

சுந்தரம்மா ஆபரேஷனுக்கு முதல்நாள் வந்து சேர்ந்தாள். மகன் படத்தைப் பற்றிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். "போறப்பவே சாமிக்குத் தெரியாதாடா, இவ போயி இன்னா பண்ணுவான்னு?" என்றாள். அந்தப் பதிலுக்கு எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது.

காலையில் கொண்டுபோனவளை மதியம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். நெஞ்சிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் பாட்டிலுக்குப் போயிற்று. அவள் மூச்சு விடும்போதெல்லாம் பாட்டிலில் குமிழி வந்தது. சாம்ராஜ் நாகபூஷணத்தைக் கூப்பிட்டு, வாய் அகன்ற ஒரு கண்ணாடி பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

"பஸ் ஸ்டாண்டுகிட்ட லேப் கீது, அங்க குடுத்துட்டு வா. எலும்ப மொதல்ல ஊறவச்சு மெத்துனு ஆக்கி, அப்பறம் சீவிப் பாப்பாங்க. நாள் ஆவும். சாய்க்காம எடுத்துகினு போ."

ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போகிற கூட்டம். மொட்டைத்தலையில் சந்தனம் காயாத நாலு பேருக்கு நடுவில், பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான். துண்டால் மூடியிருந்தான். எதிரே இருந்த அம்மா அவன் பிடித்திருந்த பக்குவத்தைப் பார்த்து, "தீர்த்தமா நாயனா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

"இல்லம்மா" என்றான். "என் பொண்டாட்டி எலும்பு."

அந்த அம்மா தன் மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவனுக்குக் கால் நீட்ட இடம் விட்டாள். "பைலம் நாயனா, பைலம்" என்று பத்திரமாகக் கொண்டுபோகச் சொன்னாள்.

பள்ளத்தில் ஆட்டோ இறங்கியபோது துண்டு விலகியது. ஒரு விரல் நீளத்துக்கு மேல் எலும்பு. நடுவில் இஞ்சிக் கிழங்கு மாதிரி அந்தக் கட்டி, ஒரு பக்கம் கண்ணாடி போல நீலம் பூத்திருந்தது. இவ்வளவுதான். இதைச் சுமந்துகொண்டுதான் அவள் கிழவியைத் தூக்கினாள், சக்கை இடுக்கினாள், ஐப்பசி மழையில் குளத்தில் இறங்கினாள். இதை அறியாமல் தான் கரையில் மாற்றுப்புடவை பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லதோ கெட்டதோ, அவளை நம்புகிறேன் என்று திரும்பிப் போனதும் சொல்லிவிடவேண்டும் என்று முடிவு செய்தான்.

ஆனால் அவன் திரும்பியபோது அவள் வலியில் முனகிக்கொண்டிருந்தாள். மறுநாள் இருமச்சொல்லி நர்ஸ் லீனா பாடாய்ப் படுத்தினாள். நுரையீரல் விரியட்டும் என்று பலூன் ஊதச் சொன்னார்கள். சந்திரம்மா விலாவைத் தலையணையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு சிவப்பு பலூனை ஊதினாள்; அது பாதிகூட நிரம்பாமல் அடங்கிப்போகும். அவன் அவளைத் தூக்கி உட்காரவைத்தான், தலை வாரிவிட்டான், ரசம் சோற்றைப் பிசைந்து ஊட்டினான். இத்தனையும் செய்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. குழாயை எடுத்தார்கள், தையல் பிரித்தார்கள். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான். அப்படியிருக்கும்போது சாம்ராஜ் வந்து நின்றார்.

"நல்ல ஜாதிதாம்மா. வெட்டின ஓரமெல்லாம் சுத்தம். இனிமே வருசத்துக்கு ஒரு படம் எடுத்துக் காட்டிட்டுப் போனாப் போதும். தாலியக் கழட்டிட்டு எடு."

சுந்தரம்மா டாக்டர் காலில் விழப்போனாள். நாகபூஷணம் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு குலுங்கினான். பிறகு மனைவியின் கையைப் பிடித்து, "நான் அப்பவே நெனைச்சேன், ஒண்ணும் இருக்காதுன்னு" என்றான்.

அவள் கையை மெதுவாக விலக்கிக்கொண்டு டாக்டரைக் கேட்டாள். "எப்பலேந்து வேல செய்யலாம் சார்?"

ஊருக்குத் திரும்புகிற பஸ் காணிப்பாக்கம் வழி. கோயில் நிறுத்தத்தில் கண்டக்டர் குரல் கொடுத்ததும் சுந்தரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"எறங்குங்க. சாமி காப்பாத்திக் குடுத்துகீது. ஒரு தேங்காவாவது ஒடைக்கணும்."

"நான் வர்ல அத்த. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் சந்திரம்மா. ஜன்னல் பக்கம் சாய்ந்து, விலாவில் கையை அணைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மே இது, சாமிகிட்டயே வீம்பா?"

"சாமியோட எனக்கு ஒண்ணும் இல்ல. அங்க கூட்டிகினு போனவங்களோடதான்."

நாகபூஷணம் எழுந்தான். "அம்மா, நீ இவள வூட்டுக்குக் கூட்டிகினு போ" என்று சொல்லிவிட்டு அவன் மட்டும் இறங்கினான்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தான். வேட்டியும் சட்டையும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தன. மாசிக்காற்றில் பல் கிடுகிடுத்தது. சுந்தரம்மா உள்ளே விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். சந்திரம்மா அடுப்படியில் உட்கார்ந்து வலது கையால் களியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"முழுகிட்டு வரேன். பிரமாணம் பண்ணிட்டேன். என் பொண்டாட்டி சொன்னது நெசம், சந்தேகப்பட்ட பாவம் என்னுதுன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்" என்றான் வாசற்படியில் நின்று.

அவள் துடுப்பை நிறுத்தினாள்.

"சாமிக்குத் தெரியாததா அது? எங்கிட்ட சொல்லு."

காலடியில் தண்ணீர் சொட்டி மண் நனைந்துகொண்டிருந்தது. குளத்தில் அத்தனை பேர் பார்க்க இறங்கியது இவ்வளவு கஷ்டமாக இல்லை.

"நீ சொன்னத நான் நம்பல சந்திரம்மா. ஊரு சொன்னதத்தான் நம்பனேன். தப்பு என்னுது" என்றான். குரல் பாதி காற்றாகப் போயிற்று.

சந்திரம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"சத்தமா சொல்லு" என்றாள். "உள்ள உங்கம்மாவுக்குக் கேக்கல."